எண்ணிக்கையைத் தாங்க, பெயர் வேண்டாம்

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பாடத்தில் எத்தனை பேர் சித்தி, எத்தனை பேர் மறுபடி எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அது மாணவர்களின் அந்தரங்கம், தர முடியாது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சுட்டெண் வாரியான பெறுபேற்றுப் பட்டியல் அறிவித்தல் பலகையில் தொங்குகிற வளாகங்களையும் நமக்குத் தெரியும். யாரோ அதைப் படம் பிடிப்பார்கள், பத்து நிமிஷத்தில் வட்ஸ்அப் முழுக்கச் சுற்றும். பக்கத்து அறைப் பிள்ளையின் சுட்டெண் யாருக்குத் தெரியாது? ஆளைக் காட்டிக்கொடுக்கும் பட்டியல் பகிரங்கம், ஆளே இல்லாத கூட்டுத்தொகை இரகசியம். இந்தத் தலைகீழ் நியாயத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

ஏன் மொழிப் பாடம் என்று கேட்கலாம். பல பீடங்களில் ஆங்கிலம் ஜீ.பீ.ஏ. கணக்கில் சேராது, ஆனால் அதில் சித்தியடையாமல் பட்டமும் கிடையாது. மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல கிரேட் எடுத்துவிட்டு, இந்த ஒன்றுக்காகப் பட்டமளிப்பைத் தள்ளிப்போட்டவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். விழுந்த பிள்ளை தனக்குத்தான் மண்டை சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறது. நூறு பேர் எழுதி அறுபது பேர் விழுந்தால் அது அறுபது பேரின் மண்டைக் கோளாறா, பாடம் நடத்தும் முறையின் கோளாறா? எண்ணிக்கை தெரியாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஒவ்வொருவரும் தன் தோல்வியைத் தனியாகச் சுமந்துகொண்டு போகவேண்டியதுதான்.

எங்கள் மாத்தளை மாவட்டத்தையே எடுங்கள். ரத்தோட்டைத் தோட்டத்துப் பாடசாலையும் வில்கமுவவின் குடியேற்றக் கிராமத்துப் பாடசாலையும் ஒரே மாவட்டம். ஒன்று தமிழ்மொழி மூலம், மற்றது சிங்களமொழி மூலம். இரண்டிலும் ஆங்கில ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் பொலன்னறுவை இருக்கிறது, பதுளை இருக்கிறது, மாத்தளை இல்லை. வஸ்கமுவ தேசியப் பூங்கா மாத்தளையிலும் பொலன்னறுவையிலும் விரிகிறது. யானைக்கு மாவட்ட எல்லை கிடையாது, பிள்ளைக்கு இருக்கிறது. மாத்தளை நகரத்துப் பாடசாலைகளின் பெறுபேறு வில்கமுவவின் கஷ்டத்தை சராசரிக்குள் மூடிவிடுகிறது. சராசரி என்ன மறைக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பாடசாலை மட்டத்தில் இந்த எண்கள் வெளியே வருகின்றன. சாதாரண தரத்தில் எந்தப் பாடத்தில் எத்தனை வீதம் ஏ, எத்தனை வீதம் சித்தியில்லை என்று பரீட்சைத் திணைக்களம் புள்ளிவிபரம் வெளியிடுகிறது. வில்கமுவ தனிக் கல்வி வலயம், அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வழி உண்டு. அதனால் யாருடைய அந்தரங்கமும் கெட்டுப்போகவில்லை. பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் மட்டும் எப்படி அதே கணக்கு அந்தரங்கமாகிறது?

சட்டம் என்ன சொல்கிறது? 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பில், 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களையும் பகிரங்க அதிகாரசபைகளாகக் கொள்கிறது. 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தருகிறது, அது சரியானதுதான். ஆனால் பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மறுக்கவேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடு என்கிறது 6ஆம் பிரிவு. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவதும் ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டக்கூடிய தரவைப் பற்றித்தான். "இவ்வளவு பேர் சித்தி" என்பதில் எந்த ஆள் இருக்கிறார்?

இங்கேதான் நாங்கள் நம் பக்கத்து ஆட்களோடும் சண்டை போடவேண்டியிருக்கிறது. "பெயரை எடுத்துட்டா முடிஞ்சுது, எல்லாத்தையும் குடு" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. பிறந்த திகதி, பால், தபால் குறியீடு இந்த மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 வீதமானோரைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்று லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் காட்டினார். நம் ஊரில் அவ்வளவுகூடத் தேவையில்லை. ஒரு பீடத்தின் ஒரு வருடத்தில் வில்கமுவவிலிருந்து ஒரே ஒரு பெண்பிள்ளை வந்திருந்தால், "வில்கமுவ, பெண், ஆங்கிலம், ஈ" என்ற வரி புள்ளிவிபரம் இல்லை, அது அவளுடைய பெயர். சிங்களப் பீடத்தில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும், தமிழை இரண்டாம் மொழியாக எடுத்த மூன்று சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

அதற்கு வழி இல்லாமலில்லை. பிரித்தானியாவின் உயர்கல்விப் புள்ளிவிபர நிறுவனம் மாணவர் எண்ணிக்கைகளை ஐந்தின் மடங்குகளாக மட்டப்படுத்தித்தான் வெளியிடுகிறது. நாமும் அப்படிக் கேட்கலாம். ஐந்துக்குக் குறைந்த எண்ணை மறைக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தைக் கொடுத்தால் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் இன்னொரு கட்டமும் மறையவேண்டும். எட்டுப் பேர் எழுதி எட்டுப் பேரும் விழுந்திருந்தால் எண் பெரிதாக இருந்தும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள், அந்தச் சின்ன வகுப்பைப் பக்கத்து வருடங்களோடு சேர்க்கவேண்டும். மாவட்டம், பால், மொழிமூலம், வருடம் நான்கையும் ஒரே அட்டவணையில் கேட்காதீர்கள். மொழிமூலம் தெரிந்தால் போதும் என்றால் அதை மட்டும் கேளுங்கள்.

"இந்த எண் வெளியே போனா, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் வராது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது என்று பேசுவாங்களே" என்ற பயமும் உண்டு. நியாயமான பயம். ஆனால் அந்தப் பேச்சு எண் இல்லாமலே நாற்பது வருஷமாக ஓடுகிறதே! எண் வந்தால்தான் எந்தப் பாடத்திட்டத்தில், எந்த வருடத்தில் விழுகிறார்கள் என்று எதிர்த்துப் பேசலாம். வதந்திக்குப் பதில் சொல்ல முடியாது, அட்டவணைக்குச் சொல்லலாம். விரிவுரையாளரை மாட்டிவிடும் வேலை என்பார்கள். எங்களுக்கு யாருடைய தலையும் வேண்டாம். பாடத்தின் கணக்கைத்தான் கேட்கிறோம், பொதுப்பணத்தில் நடக்கும் பாடம் யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை.

ஆகவே கேளுங்கள். தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போதும், தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடம். அங்கே சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதில்லை, நிறுவனத்தினுடையது. "இன்ன மொழிப் பாடத்தில், கடந்த ஐந்து வருடங்களில், ஏ பிளஸ் முதல் ஈ வரை ஒவ்வொரு கிரேட்டும் எத்தனை பேர், பெயரும் சுட்டெண்ணும் வேண்டாம், ஐந்துக்குக் குறைந்ததை மறைக்கவும்." இந்த ஒரு வசனத்தைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தரங்கத்தை நாமே காப்பாற்றிக் கேட்டபிறகு, அந்தச் சாக்கு அவர்களிடம் மிஞ்சாது.

அப்படியே, அந்த அறிவித்தல் பலகைப் பட்டியலைக் கழற்றச் சொல்லியும் இன்னொரு கடிதம் போடுங்கள். இரண்டும் ஒரே கோரிக்கைதான்.