கோடைக்கு ஊரிலிருப்பவன் ஏமாளியா?

கோடை விடுமுறையைக் காரைக்குடியிலேயே கழிப்பது வசதியில்லாதவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று நம்மூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். அக்கினி நட்சத்திரத்தில் இங்கே மனுசன் இருக்க முடியாதாம். இருந்தாலும் டவுனுக்குள் பார்க்க ஒன்றுமில்லையாம். 2024-இல் மாநகராட்சி ஆனதில் போர்டும் டிராபிக்கும்தான் மாறினவாம். ஆகவே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகாதவன் ஏமாளி.

சரி, ஊட்டிக்கே போவோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. 2025 கோடையில் அதற்கு உச்சவரம்பும் வந்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இனி தாங்காது, ஆளைக் குறையுங்கள் என்று மலைக்காக நீதிமன்றமே பேச வேண்டிய நிலை வந்துவிட்டது. அண்ணனோ இன்னும் ‘குளுகுளு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் முன்னால் நிற்கிற வேனின் புகையைக் குடித்துக்கொண்டு, பின்சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் தேடுவதுதான் வசதி படைத்தவர்களின் விடுமுறை போலிருக்கிறது.

வெயில் பொய்யென்று நான் சொல்லவில்லை. மே மாதம் பதினொரு மணிக்கு மேல் செக்காலை ரோட்டில் நடந்தால் மண்டை காயும். ஆனால் அந்த வெயிலை முன்னே வைத்துக்கொண்டுதான் இங்கே வீடு கட்டினார்கள். தெருவாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி ஒரே நேராக நிலைகள். நடுவே வானம் பார்த்த வளவு. சூடேறிய காற்று அதன் வழியே மேலே போய்விடும். கனத்த செங்கல் சுவர், அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, கூரையில் அடுக்கடுக்காக நாட்டு ஓடு. காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் பரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. சூளையையே பார்க்காதது. மத்தியானம் அதில் வெறும் முதுகோடு படுத்துப் பார்த்தவர் யாரும் அண்ணனைப் போல எழுத மாட்டார்.

அந்த வீடுகளை நாம் என்ன செய்தோம்? வளவுக்கு மேல் ஸ்லாப் போட்டு மூடினோம். பங்காளித் தகராறில் பூட்டினோம், இல்லாவிட்டால் இடித்து விற்றோம். அந்த இடத்தில் காங்கிரீட் பெட்டி கட்டி, ஏசி மாட்டி, மின்சாரம் போனால் காரைக்குடி வெயிலைத் திட்டுகிறோம். அண்ணன் ஓடுவது வெயிலுக்குப் பயந்து அல்ல, தான் கட்டிய வீட்டுக்குப் பயந்து.

‘பார்க்க ஒன்றுமில்லை’ என்கிறாரே, முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரட்டும். இடித்த வீடுகளின் மிச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண்கள் விறகு மாதிரி சாத்திக் கிடக்கும். கஜலட்சுமி செதுக்கிய வாசல்நிலை ஒன்று சுவரோரம் ஒருக்களித்துக் கிடக்கும். லட்சுமியின் முகத்தில் தூசி, யானையின் முதுகில் சாக்கட்டியால் விலை. ஆச்சிமார் சீராகக் கொண்டுவந்த எனாமல் தூக்குகளை வெளியூர்க்காரர்கள் பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள். அண்ணன் வீட்டுச் சாமான் ஏதாவது அங்கே கண்ணில் பட்டாலும் ஆச்சரியமில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கொப்புடையம்மனின் செவ்வாய்ப் பெருந்திருவிழா வருவதே கோடையில்தான். தேர் செஞ்சை காட்டம்மன் கோயிலுக்குப் போகிற அன்று கல்லுக்கட்டியில் நிற்க இடம் கிடைக்காது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கி இந்த ஊர்த் தறியில் நெய்வது, வெயிலுக்கென்றே பிறந்த பருத்திச் சேலை. ஏவி.எம். மெய்யப்பன் ‘நாம் இருவர்’ படத்தை எடுத்தது இங்கே தேவகோட்டை ரஸ்தாவில். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் நடக்கிறது. கம்பன் மணிமண்டபத்துக்குள் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தபோது, அண்ணன் ஊட்டி ஏரியில் படகுக்கு வரிசையில் நின்றிருப்பார்.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் உண்மை. ஒன்று, உள்ளே போய்ப் பார்க்கக் கூடிய பழைய வீடுகள் குறைவு. தங்கும் விடுதிகளாக மாறியவற்றின் வாடகை பனிக்காலத்தில் வரும் வெள்ளைக்காரர்களை நினைத்துப் போட்டது. மே மாதம் காற்று வாங்கும் அந்த அறைகளை உள்ளூர்க்காரனுக்கு ஒரு நாள் கட்டணத்தில் திறந்துவிடுங்கள் என்று அண்ணன் எழுதியிருந்தால், கீழே நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது அவருக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, ஊரிலேயே இருந்தால் வீட்டுப் பெண்களுக்கு விடுமுறையே இல்லை என்பது. நூற்றுக்கு நூறு நிஜம். வெயில் வந்தால் அடுப்படியோடு வத்தல், வடாம் வேலையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அண்ணிக்கு ஓய்வு கொடுக்க ஏழாயிரம் அடி மலை ஏறித்தான் ஆக வேண்டுமா? கொடைக்கானல் போனாலும் புளியோதரை கட்டுவதும், ஸ்வெட்டர் எடுத்து வைப்பதும், திரும்பி வந்து மூட்டைத் துணி துவைப்பதும் யார்? காரைக்குடியில் மெஸ்ஸுக்கா பஞ்சம்? ஒரு வாரத்துக்கு மத்தியானச் சாப்பாடும் ராத்திரி இட்லியும் கேரியரில் சொல்லிவிடலாம். வெயில் தாழ்ந்ததும் அண்ணி கண்டாங்கியைச் சுற்றிக்கொண்டு கடைத்தெரு போய்வரட்டும். கேரியரை அண்ணன் கழுவி வைக்கட்டும்.