இலவசமாய்க் கிடைக்கும் கல்வியைச் சோதித்தறியுங்கள்



கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர்களும், விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி இரவில் வீடு திரும்புகிறவர்களும் நம்மில் அநேகர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது, தகப்பனின் வேலை மகனுக்குக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் முடிவுற்றது. அன்றுமுதல் நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துப்போகக்கூடிய ஆஸ்தி கல்வியே.

அதே பிப்ரவரி மாதத்தில்தான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் நடைபெறுகிறது. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து ‘என்பிடெல்’ திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ வந்தது. ஒரு வாசல் அடைபட, வேறு வாசல்கள் திறந்தன.

ஆனால் ‘இலவசம்’ என்று எழுதிய வாசல்கள் யாவும் நல்லவையல்ல. ஒருவர் சம்பளத்தில் நடக்கும் வீட்டில், ஏமாந்து இழக்கும் இரண்டாயிரம் ரூபாயும் பெரிய நஷ்டமே. ஆகவே உங்கள் மகனோ மகளோ ஓர் இணையதளத்தில் சேருமுன், நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, கற்பிக்கிறவர் யார்? நல்ல தளம் ஆசிரியரின் பெயரையும் அவர் பணிபுரியும் கல்லூரியையும் மறைப்பதில்லை. தளத்தின் முகவரியையும் கவனியுங்கள். ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிவது அரசுக்கும், ‘ஏ.சி. டாட் இன்’ என்று முடிவது கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. ஓரெழுத்து மாறியிருந்தாலும் விலகிவிடுங்கள்.

இரண்டாவது, செலவைத் தாங்குகிறவர் யார்? என்பிடெல்லுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் நிதி அளிக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘கான் அகாடமி’ இலாப நோக்கற்றது, நன்கொடைகளால் நடக்கிறது. செலவுக்கு வழி இன்னதென்று சொல்லாத தளம், உங்கள் தொலைபேசி எண்ணையே விற்றுப் பிழைப்பதாக இருக்கலாம்.

மூன்றாவது, பணம் கேட்பது எப்போது? என்பிடெல்லில் பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புகிறவர் மட்டுமே கட்டணம் செலுத்துகிறார். இதை அவர்கள் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். இதற்கு மாறாக, இலவசம் என்று அழைத்து, பிறகு ‘பதிவுக் கட்டணம்’, ‘வேலை உத்தரவாதக் கட்டணம்’ என்று கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாயிருங்கள். பாடம் கற்க வங்கிக் கணக்கு எண்ணோ, கைப்பேசிக்கு வரும் பணப் பரிமாற்ற ரகசிய எண்ணோ தேவையில்லை.

நான்காவது, கற்றதைச் சோதிக்கிறார்களா? காணொளியைப் பார்ப்பது மாத்திரம் கல்வியாகாது. என்பிடெல் பாடங்களில் வாரந்தோறும் பயிற்சி உண்டு. இறுதித் தேர்வைக் குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். கான் அகாடமியில் கணக்குத் தவறினால், விடைக்குச் செல்லும் படிகளை ஒவ்வொன்றாய்க் காட்டுகிறார்கள். எதையும் சோதிக்காமல் சான்றிதழ் கொடுப்பவர்கள் தருவது வெறுங்காகிதமே.

இந்நான்கிலும் தேறிய தளம் நம்மவர்களுக்குப் பேருதவி. வகுப்பில் மறுபடியும் கேட்க வெட்கப்படும் பிள்ளை, இங்கே ஒரே பாடத்தைப் பத்துமுறை கேட்கலாம், கடிந்துகொள்வார் இல்லை. ஆங்கிலம் கடினமாயிருப்பவர்களுக்கு என்பிடெல்லின் சில பாடங்கள் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உண்டு. பாடத்தை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொண்டால், பங்காருப்பேட்டை தாண்டி நீளும் ரயில் பயணமும் வகுப்பறையாகும்.

பெற்றோரே, ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது’ என்று ஒதுங்கிவிடாதிருங்கள். வாரத்தில் ஒரு மாலை பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இந்த வாரம் என்ன கற்றாய்? எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தால் கற்றிருக்கிறான். தெரியாவிட்டால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறான். சான்றிதழ் உடனே வேலையாக மாறிவிடாது என்பதையும் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

சுரங்கத்தில் உழைத்த நம் பெரியவர்கள் மினுங்கும் கல்லைக் கண்டு மயங்கவில்லை. கல்லை உடைத்து, பொடியாக்கி, சோதித்த பின்னரே அதில் தங்கம் எவ்வளவு என்று அறியப்பட்டது. டன் கணக்கான கல்லிலிருந்து கிடைத்தது சில கிராம்களே. அந்தப் பொறுமையும் அந்தச் சோதனையும் நமக்கு அவர்கள் விட்டுச்சென்ற பாடம். கைப்பேசியைத் திறக்கும்போதும் அதை மறவாதிருப்போமாக.