மறுத்துச் சொல்ல முடியாதவரைப் பற்றி எழுதுவது

1949-இல் அமெரிக்க உளவியல் ஆய்விதழ் ஒன்றில் பால் ஃபுல்லர் என்பவரின் சிறு கட்டுரை வெளியானது. அவர் ஆராய்ந்த இளைஞனுக்கு வயது 18. மல்லாந்து கிடந்தபடியே வாழ்ந்தவன். தானாகப் புரண்டு படுக்கவும் முடியாதவன். இத்தனை ஆண்டுகளில் இவன் எதையும் கற்றதில்லை, இனிக் கற்கப்போவதும் இல்லை என்று மருத்துவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். ஃபுல்லர் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலோடு அவனிடம் போனார். வலது கை அசையும்போதெல்லாம் வாயில் கொஞ்சம் பால் விட்டார். நான்கே அமர்வுகளில் அந்தக் கை முன்னைவிட அடிக்கடி உயரத் தொடங்கியது. அவன் கற்றுக்கொண்டான்.

கட்டுரையின் தலைப்பு அவனைத் தாவர நிலையில் உள்ள மனித உயிரி என்று குறிப்பிட்டது.

இந்தக் கட்டுரையிடம் எங்களுக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. எதையும் கற்க முடியாத மனிதர் என்று யாரையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதைச் சில பக்கங்களில் அது காட்டியது. பிற்பாடு கடும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு இந்த வகை ஆய்வுகள் கையில் கிடைத்த ஆதாரமாயின. ஆனால் ஃபுல்லரின் கேள்வி ‘கற்க முடியுமா’ என்பதோடு நின்றது. அந்தக் கையை வைத்து அவன் எதைக் கேட்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்பது அவருடைய கேள்வியாக இல்லை. தன்னைப் பற்றி இப்படி ஒன்று அச்சேறியது என்பதை அறியும் வழியும் அந்த இளைஞனுக்கு இல்லை.

மற்ற ஆய்வுகளில், ஆராயப்பட்டவர் என்றாவது ஒருநாள் எதிர்க்குரல் எழுப்பலாம். எங்கள் ஊரைப் பற்றி நீ எழுதியது பொய் என்று ஒரு மீனவர் மானுடவியலாளரிடம் சண்டைக்குப் போகலாம். பேச்சும் எழுத்தும் இல்லாத, உண்ணவும் உடுத்தவும் பிறர் கை தேவைப்படுகிற ஒருவரால் அது ஆகாது. அவரைப் பற்றி அச்சில் வருவது தவறாக இருந்தாலும் அப்படியே நிலைத்துவிடும். அதனாலேயே இந்தத் துறையில் கட்டுரை வெளியிடுபவருக்கும், அதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியருக்கும் மற்ற துறைகளில் இல்லாத கூடுதல் கடமை இருக்கிறது என்று இந்த இதழ் நம்புகிறது.

அந்தக் கடமை தவறியதற்குப் பெரிய சாட்சி நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் பள்ளி. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளை அடைத்துவைத்த, நெரிசல் மிகுந்த இடம். 1956 முதல் சால் குரூக்மனும் அவருடைய குழுவும் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் சிலருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைத் திட்டமிட்டே கொடுத்து நோயின் போக்கை ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது உண்மை. மற்ற வார்டுகளில் இடம் இல்லாதபோதும் காமாலை ஆய்வுப் பிரிவில் இடம் இருந்தது என்பதும் உண்மை. பல ஆண்டுகளாக வீட்டில் தனியாகத் தாங்கித் தவித்த தாய் போட்ட அந்தக் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இந்த ஆய்வுகள் புகழ்பெற்ற மருத்துவ இதழ்களில் வெளியாயின. 1966-இல் ஹென்றி பீச்சர் நெறி பிறழ்ந்த 22 ஆய்வுகளைப் பெயர் சொல்லாமல் பட்டியலிட்டபோது அதில் வில்லோபுரூக்கும் இருந்தது. முறைகேடாகப் பெற்ற தரவுகளை இதழ்கள் வெளியிடக் கூடாது என்றும் அவர் எழுதினார். 1971-இல் ஸ்டீபன் கோல்ட்பி என்ற மருத்துவர் இதே கேள்வியை லான்செட்டுக்குக் கடிதமாக எழுத, அவர் சொல்வது சரி என்று அந்த இதழின் ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளின் சார்பில் ஒரு வாசகர் பேசினார், ஆசிரியர்கள் செவிகொடுத்தார்கள். ஆனால் அதற்குள் பதினைந்து ஆண்டுகள் போய்விட்டிருந்தன.

கொடுமையைக் கண்டிப்பது சுலபம். அன்பின் பெயரால் நடந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீடுகளுக்கு இன்னும் அருகில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கிவைத்த முறை அது. பேசாத ஒருவரின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் தாங்கிப் பிடிப்பார். அந்தக் கை எழுத்துப் பலகையில் எழுத்துகளைத் தொட்டுச் சொற்களாக்கும். 1990-இல் டக்ளஸ் பிக்லன் இதைப் பற்றி ஹார்வர்டு கல்வி ஆய்விதழில் எழுதிய பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. பேசாத ஆட்டிசக் குழந்தைகள் திடீரென்று கவிதை எழுதினார்கள், அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள். ஒரு சொல்லுக்காகப் பத்து வருடம் காத்திருந்த பெற்றோர் அழுதார்கள். அதை நம்பியவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் ஓ. டி. ஹெக் மையத்தில் வேலை செய்தவர்களும் நம்பினார்கள். இந்த முறை உண்மை என்று நிரூபிக்கவே சோதனையில் இறங்கினார்கள். ஆட்டிசம் உள்ள 12 பேர் பங்கேற்றார்கள். அவர்களுக்கு ஒரு படமும் உதவியாளருக்கு ஒரு படமும் தனித்தனியாகக் காட்டப்பட்டன. ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் வேறு வேறு படங்களைப் பார்த்தபோது, பலகையில் ஒருமுறைகூடச் சரியான விடை வரவில்லை. பல முறை வந்த விடை உதவியாளர் பார்த்த படத்தின் பெயராக இருந்தது. கையை நகர்த்தியவர் உதவியாளர். அவருக்கே அது தெரியவில்லை. 1993-இல் இந்த முடிவை அவர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. அதற்குள் பலகையில் வந்த சொற்களை நம்பி, பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார்கள் என்று பெற்றோர்கள் மீதே வழக்குகள் தொடுக்கப்பட்டுக் குடும்பங்கள் சிதைந்திருந்தன.

நம்பியதற்கு எதிராக வந்த முடிவை மறைக்காமல் அச்சுக்குக் கொடுத்த அந்த மனிதர்களை இந்தத் துறையின் மிக நேர்மையானவர்களாக நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் அந்தப் 12 பேரிடமிருந்து குரலைப் பறிக்கவில்லை. இன்னொருவர் குரல் அவர்கள் பெயரில் ஒலித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். வேறு பெயர்களில் இதே முறை இன்றும் புழங்குகிறது. பேசாத பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வரும்போது பெற்றோர் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும்: யார் கை நகர்கிறது? பிள்ளை தானே கண்ணால் சுட்டும் பலகை, தானே தொடும் படச் செயலி, தானே அழுத்தும் சுவிட்ச், இவையெல்லாம் வேறு. அவற்றில் செய்தி பிள்ளையுடையது.

உண்மையில் பிள்ளையுடைய செய்தியைக் கேட்கக் கற்றுக்கொடுத்த கட்டுரை ஒன்று இருக்கிறது. எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் 1985-இல் வெளியிட்டது. நான்கே குழந்தைகள். அடிப்பது, தன்னையே தாக்கிக்கொள்வது, கத்துவது என்று வகுப்பில் யாராலும் சமாளிக்க முடியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். எப்போது இது நடக்கிறது என்று இருவரும் பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். சிலருக்கு வேலை கடினமாகும்போது. சிலருக்குப் பெரியவர்களின் கவனம் குறையும்போது. கடினத்தால் கத்தியவர்களுக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லவும், கவனத்துக்காகக் கத்தியவர்களுக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா’ என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அடியும் கத்தலும் பெருமளவு குறைந்தன. அதற்கு முன்னால் இருபது ஆண்டுகளாக, இத்தகைய குழந்தைகளின் நடத்தையை அடக்க மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இதழ்களில் வந்துகொண்டிருந்தன. அடம், முரட்டுத்தனம் என்று எழுதப்பட்டது ஒரு வேண்டுகோள் என்று இந்த நான்கு குழந்தைகள் காட்டினார்கள்.

நான்கு பேரை வைத்து ஆய்வா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் துறையில் அது குறையே இல்லை. பார்வையும் இல்லை, நடையும் இல்லை, ஃபிட்ஸும் உண்டு, குழாய் வழி உணவு என்ற நிலையில் இருக்கும் இருவர் ஒருபோதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இருநூறு பேரைத் திரட்டிச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரியில் யாருமே இருக்க மாட்டார்கள். ஆகவே ஒருவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள்: பயிற்சிக்கு முன் எத்தனை முறை, பயிற்சியின்போது எத்தனை முறை, நிறுத்தினால் என்ன ஆகிறது, மறுபடி தொடங்கினால் என்ன ஆகிறது. ஒழுங்காகச் செய்தால் இது உறுதியான சான்று. நம் சிறப்பாசிரியர்கள் நோட்டில் கோடு கிழித்து வைக்கிற கணக்கு இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆசிரியர்களிடமிருந்தே ஆய்வு பிறந்ததற்கு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு முன்னுதாரணம் உண்டு. நெடுங்காலம் தங்கவைத்துப் பராமரிக்கும் ஹார்பர்பரி மருத்துவமனைக்குள் இருந்த பள்ளியில் 1980-களில் டேவ் ஹியூவெட், மெலனி நிண்ட் முதலான ஆசிரியர்கள் வேலை செய்தார்கள். பொருளை அடுக்கு, வரிசைப்படுத்து, கட்டளைக்கு அடங்கு என்ற பாடத்திட்டம் தங்கள் மாணவர்களிடம் எடுபடவில்லை என்று கண்டார்கள். கைக்குழந்தை எழுப்பும் ஒலியைத் தாயும் எழுப்பி விளையாடுவதுபோல, மாணவரின் ஒலியையும் அசைவையும் பின்தொடர்ந்து, அவர் முறை வரக் காத்திருந்து, மெதுவாக உறவை வளர்த்தார்கள். 1988 முதல் கட்டுரையாக்கினார்கள். 1994-இல் நூல் வந்தது. பின்னர் நிண்ட் ஆறு பேரை முறையாகத் தொடர்ந்து கவனித்து விளைவை வெளியிட்டார். இன்று பல நாடுகளில் புழங்கும் இந்த முறை, வகுப்பறையில் இருந்தவர்கள் எழுத உட்கார்ந்ததால் வெளியே வந்தது.

எழுதியது யாருக்குப் போய்ச் சேர்கிறது? ஒரு கட்டுரையைப் படிக்க 30, 40 டாலர் கேட்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டுரையில் விவரிக்கப்பட்ட பிள்ளைக்குச் சோறூட்டும் ஆயாவின் கைக்கு அது ஒருநாளும் வராது. கற்றல் குறைபாடுகளுக்கான பிரிட்டிஷ் ஆய்விதழ், ஒவ்வொரு கட்டுரைக்கும் எளிய மொழியில் ஒரு சுருக்கத்தைக் கேட்டு வாங்கி முதலிலேயே அச்சிடுகிறது. கடும் குறைபாடுள்ளவர்களில் பலரால் அதையும் படிக்க முடியாதுதான். அவர்களோடு இருப்பவர்கள் படிக்கலாம். படித்து, எங்கள் பிள்ளை அப்படி இல்லை என்று சொல்லலாம். மறுப்பு எழுவதற்கான வாசல் அது.

இந்தியாவில் சட்டமே இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு, அவருக்கு எட்டும் வழிகளில் பெறப்பட்ட சுதந்திரமான சம்மதம் இல்லாமல் எந்த மாற்றுத்திறனாளியையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அத்துடன் தனியொரு ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதி எண்ணை மட்டும் போட்டு வரும் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருப்பி அனுப்பி, இந்தக் குழு என்ன சொன்னது என்று கேட்க வேண்டும். சம்மதம் என்பதும் ஒருநாள் வாங்கிய பெற்றோர் கையெழுத்தோடு முடிந்துவிடாது. தலையைத் திருப்பிக்கொள்வது, உடம்பை விறைப்பது, கண்ணை மூடிக்கொள்வது, அழுவது, இவை வேண்டாம் என்று சொல்லும் வழிகள். அன்றைய அமர்வை அத்தோடு நிறுத்தினார்களா இல்லையா என்பதையும் கட்டுரை சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பி, குடும்பத்தையே பயிற்சியின் மையமாக வைத்துச் செய்த வேலை பன்னாட்டு ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யா சாகர், பேசாத பிள்ளைகளுக்கான மாற்றுத் தொடர்பு முறைகளில் பல்லாண்டு அனுபவம் கொண்டது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனமே 2005 முதல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பு இந்தியாவில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் என்று 21 லட்சம் பேரைக் காட்டியது. ஆனால் நம் பல குடும்பங்களில், அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத்தில் இருப்பது மருத்துவச் சான்றிதழின் விழுக்காடு ஒன்றுதான். 75 என்று இருந்தால் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கலாம். அந்த எண்ணுக்கு அப்பால், அவன் எந்தப் பாட்டுக்குச் சிரிக்கிறான், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் சளி இறங்குகிறது, எத்தனை மாதத்தில் கரண்டியை நோக்கிக் கண்ணைத் திருப்பக் கற்றான் என்பதெல்லாம் அம்மாவின் நினைவில் இருக்கிறது, அல்லது ஒரு சிறப்பாசிரியரின் ஃபைலில் தூங்குகிறது. அம்மாவுக்குப் பின் வரும் கைகளுக்கு இதுதான் முதலில் வேண்டும்.

அதனால் வரும் இதழ் முதல் இதற்கென்று பக்கங்களை ஒதுக்குகிறோம். சிறப்பாசிரியர்கள், தெரபிஸ்டுகள், ஆயாக்கள், பெற்றோர்கள் எழுதலாம். ஒரே ஒருவரைப் பற்றிய பதிவு போதும். ஆனால் முன் எப்படி, பின் எப்படி என்ற கணக்கு இருக்க வேண்டும். தோற்ற முயற்சிகளையும் அதே மரியாதையோடு வெளியிடுவோம், ஏனென்றால் அவை வெளிவராததால் இன்னொரு பிள்ளை அதே பயிற்சியில் மாதக்கணக்கில் வருந்துகிறது. பிள்ளையின் பெயரும் முகமும் வேண்டாம். ஒவ்வொரு பதிவையும் அச்சுக்கு முன் அந்தப் பிள்ளையோடு அன்றாடம் இருக்கும் வேறொருவருக்கு வாசித்துக் காட்டுவோம். அவர் மாறுபட்டால் அதையும் பக்கத்திலேயே போடுவோம். ஆங்கிலத்தில் வந்த ஆய்வுகளில் பயனுள்ளவற்றைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் தருவோம். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் ஃபோனில் பேசிக் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்துகொள்வது எங்கள் பொறுப்பு.