பதக்கமா, பாதையா?

கேரளாவில் மலப்புரம் ஜில்லா. அங்கே திரூரங்காடிக்குப் பக்கத்தில் வெள்ளிலக்காடு என்று ஒரு சிற்றூர். 1990-ம் ஆண்டு அந்த ஊரில் ஒரு வீட்டில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து எழுதப் பழகினார்கள். சொல்லிக் கொடுத்தவர் கே.வி.ராபியா. வயது 24. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் முடங்கிப் போனவர்.

சில மாதங்களில் சுமார் 100 பேர் சேர்ந்து விட்டார்கள். கேரளா முழுவதும் எழுத்தறிவு இயக்கம் மும்முரமாக நடந்த நேரம் அது. 1991 ஏப்ரல் 18-ந் தேதி, "கேரளா முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது" என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. இதே மலப்புரம் ஜில்லாவில் புதிதாகப் படிக்கக் கற்ற ஆயிஷா என்ற அம்மாள்!

ராபியாவின் வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஊருக்கு ரோடு இல்லை என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. ரோடு வந்தது. மின்சாரமும் வந்தது. அந்த ரோட்டுக்கு "அட்சர ரோடு" என்று பெயர். அட்சரம் என்றால் எழுத்து.

இதுதான் முதல் பாராட்டு. தேசிய இளைஞர் விருது அதற்குப் பிறகு வந்தது. பத்மஸ்ரீ பட்டம் 2022-ம் ஆண்டில், அவருக்கு 55 வயதான பிறகு கிடைத்தது. 2025 மே மாதம் அவர் காலமானார்.

இளைஞருக்கு இளமையிலேயே பாராட்டு கிடைத்தால் வேலை வளரும். ராபியா பிறகு "சலனம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆனால் எதற்காகப் பாராட்டுகிறோம்? 100 பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்கா, நடக்க முடியாததற்கா? மேடைப் பேச்சுகளைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் என்று தோன்றும். "ஐயோ பாவம்" என்பது பாராட்டு ஆகுமா?

இன்னொரு வேடிக்கை. விருது பெறுகிறவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேடை ஏற்றுகிறார்கள். கைதட்டல் பிரமாதம்! படியை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. விதிகள் 2017-ல் வந்தன. பழைய பொதுக் கட்டிடங்களை 5 ஆண்டுக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்ற வேண்டும் என்பது சட்டம். கெடு 2022-ல் முடிந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதில் தலையிட்டது. வெறும் யோசனை போதாது, கட்டாய விதிகளை 3 மாதத்தில் கொண்டு வாருங்கள் என்று மத்திய சர்க்காருக்கு உத்தரவு போட்டது.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். பல ஊர்களில் விழா நடக்கும். கமிட்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு: சாய்வுப் பாதையில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மேடை 3 அடி என்றால் 36 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி.