மெதுவாக ஓடுவது பலகையா, பாடமா?



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் எந்திரவியல் கழகங்கள் இயங்கி வருவது மகிழ்ச்சிக்குரியது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். "இந்த ஊனோ பலகை மெதுவானது, வேகமானதாக வாங்கிக் கொடுங்கள்" என்று வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் சிலர் பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வண்ண எல்இடி விளக்குப் பட்டை ஒன்றைத் தானே நிரல் எழுதி இயக்க முயன்றாள். நிறங்கள் தாறுமாறாக வந்தன. ஏன் என்று கேட்ட அவளுக்கும் கிடைத்த விடை அதுதான். புதுப் பலகை வாங்கு!

இந்த விடையை நான் வன்மையாக மறுக்கிறேன். கணக்கைப் பாருங்கள்.

மூன்றாம் பதிப்பு வரையிலான ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதன் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கிறது. ஒரு துடிப்பின் நீளம் 62.5 நானோ நொடி. ஒரு முனையை ஏற்றவோ இறக்கவோ இந்தச் சில்லுக்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதற்கு ஆகும் செலவு இரண்டே துடிப்புகள், அதாவது 125 நானோ நொடி. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவது 'டிஜிட்டல்ரைட்' என்னும் செயற்கூறு ஒன்று மட்டுமே. அதை ஒருமுறை அழைத்தால் ஏறத்தாழ 3 முதல் 5 மைக்ரோ நொடி கரைகிறது. இருபது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு!

அந்த நேரம் எங்கே போகிறது? 13ஆம் முனை என்று நாம் எழுதினால், அது எந்தப் பதிவகத்தில் எத்தனையாவது பிட் என்று செயற்கூறு அட்டவணைகளில் தேடுகிறது. அந்த முனையில் துடிப்பகலப் பண்பேற்றம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, ஓடினால் நிறுத்துகிறது. பிறகு குறுக்கீடுகளைத் தடுத்து வைத்து, பதிவகத்தைப் படித்து, ஒரு பிட்டை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, குறுக்கீடுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் இத்தனையும் நடக்கிறது. முகவரி தெரிந்த வீட்டுக்குக் கடிதம் கொடுக்கப் போகிறவர், போகும்போதெல்லாம் மாவட்ட அலுவலகத்தில் முகவரியைக் கேட்டுவிட்டுப் போவதைப் போன்றது இது.

இனி அந்த விளக்குப் பட்டைக்கு வருவோம். டபிள்யூஎஸ்2812பி வகை விளக்குக்கு ஒரு பிட் செய்தி அனுப்ப வாய்க்கும் நேரம் 1.25 மைக்ரோ நொடி. அதில் முனை 0.4 மைக்ரோ நொடி உயர்ந்திருந்தால் சுழியம், 0.8 உயர்ந்திருந்தால் ஒன்று. டிஜிட்டல்ரைட் ஒருமுறை ஓடி முடிவதற்குள் இரண்டு மூன்று பிட்டுகளுக்கான நேரமே கடந்துவிடும். நிறம் எப்படிச் சரியாக வரும்? ஆனால் இதே பட்டையை இதே ஊனோவில் பிழையின்றி இயக்கும் நிரலகங்கள் உள்ளன. அவை பதிவகத்தில் நேரடியாக எழுதுகின்றன. துடிப்புகளை எண்ணி எண்ணி எழுதுகின்றன. பலகைக்குத் திறன் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? 2023இல் வெளிவந்த ஊனோ ஆர்4 பலகையின் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ், பழையதைப் போல் மும்மடங்கு. மும்மடங்குக்குப் பணம் கேட்கிறார்கள். இருபது மடங்கு வேகம் பழைய பலகையிலேயே காசில்லாமல் கிடக்கிறது.

"பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா? இது பல்கலைக்கழகப் பாடமாயிற்றே!" என்பார்கள். இடமதிப்பு கற்ற பிள்ளைக்கு இது புரியும். எட்டு மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். கையைத் தூக்கினால் ஒன்று, இறக்கினால் சுழியம். ஊனோவில் 8 முதல் 13 வரையிலான முனைகள் பி பதிவகத்தின் முதல் ஆறு இடங்கள். மிஞ்சிய இரண்டு இடங்களைக் கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. '13ஆம் முனை என்பது ஆறாவது மாணவனின் கை' என்று காட்டினால் வகுப்பே சிரித்துக்கொண்டு புரிந்துகொள்ளும். இதை அழகு தமிழில் சொல்ல ஒரு தடையும் இல்லை.

டிஜிட்டல்ரைட்டைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோவை உருவாக்கியவர்கள், மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்தே இத்தகைய எளிமையைத் தந்தார்கள். போக்குவரத்து விளக்கு செய்யும் பிள்ளைக்கு 4 மைக்ரோ நொடி ஒரு பொருட்டே அன்று. நேரடியாக எழுதுவதில் இடர்களும் உண்டு. ஊனோவில் 13ஆம் முனை பி பதிவகத்தின் 5ஆம் பிட், மெகா 2560 பலகையிலோ அதே பதிவகத்தின் 7ஆம் பிட். ஆர்4இல் அந்தப் பதிவகமே இல்லை. டி பதிவகம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதினால், கணினியோடு பேசும் 0, 1 ஆகிய முனைகள் குழம்பும். ஒரே நேரத்தில் பல பிட்டுகளை மாற்றும்போது நடுவே குறுக்கீடு வந்தால், அது செய்த மாற்றம் அழிந்துபோகவும் கூடும். இவற்றையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். என் சினமெல்லாம், கேள்வி கேட்ட பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தின் மீதுதான்.

கழகப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலைநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். டிஜிட்டல்ரைட்டை ஓர் இலட்சம் முறை சுழலவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் 'மைக்ரோஸ்' காட்டும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அதே சுழலில் பதிவகத்தில் நேரடியாக எழுதி மறுபடியும் குறிக்கச் சொல்லுங்கள். சுழலுக்கும் சில துடிப்புகள் செலவாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உங்களை மடக்கும். இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் வேலையை மாணவர்களிடமே விடுங்கள்.