தலைக்காசு போய் ஊக்கத்தொகை வந்தது

ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி, கோரமங்கலா பக்கத்து ஆள்சேர்ப்பு நிறுவனங்களில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் உண்டு. ஊரில் கேட்டால், "கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ்" என்பார்கள். கேட்பதற்குச் சுகமான உத்தியோகம்தான். நாற்காலியில் உட்கார்ந்தது முதல் காதில் போன். எத்தனை பேரிடம் பேசினாய், எத்தனை பேர் நேர்முகத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மணிக்கொரு தரம் கணக்குக் கேட்கிறார் மேலாளர். மாதக் கடைசியில் இலக்கு எட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டியதுதான். கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றும் சொன்னது. அறைக்கு வந்தபின் இரவு பத்து மணிக்குப் பேசும் பேச்சை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இந்த ஓட்டத்துக்குக் காரணம் மேலாளரின் கோபம் மட்டுமல்ல. தொழிலின் கணக்கே அப்படி. ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கட்டணமாகக் கிடைப்பது இத்தொழிலில் பரவலான வழக்கம். சேர்ந்தவர் 90 நாளுக்குள் நின்றுவிட்டால் வேறு ஆள் தரவேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது போன்ற நிபந்தனையும் உண்டு. அந்த நஷ்டம் முதலாளியோடு நிற்பதில்லை. குமாஸ்தாவுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை அடுத்த மாதக் கணக்கில் கழிந்துவிடுகிறது.

இது தமிழருக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிக்குத் 'தலைக்காசு' என்று ஒன்று கொடுத்தார்கள். அவருடைய ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும், வந்த ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை காசு. படுத்துக் கிடப்பவரை எழுப்பி மலைக்கு அனுப்புவதில் கங்காணிக்கு லாபம் இருந்தது. கங்காணிக்காவது தோட்டத்தில் ஒரு அதிகாரம் இருந்தது. ஈஜிபுராக் குமாஸ்தாவுக்கு அதுவும் கிடையாது.

விளைவு என்ன? கிருஷ்ணகிரிப் பையன் போனில், "அண்ணே, நைட் ஷிப்ட் இருக்குமா?" என்று கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் வரமாட்டான். இலக்கில் ஒன்று குறையும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று பதில் போகிறது. நம்ம ஊர்க்காரர் என்று நம்பி வந்தவன் பத்தாம் நாள் பெட்டியைக் கட்டுகிறான். அவனுக்குப் பஸ் கட்டணமும் அறை முன்பணமும் போயிற்று. அண்ணனுக்கு ஊக்கத்தொகை போயிற்று. பொய் சொன்னது குமாஸ்தாவின் வாய்தான். சொல்ல வைத்தது 90 நாள் கணக்கு.

இலக்கு வைப்பதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறொருவர் வேலையை விட்டதற்கு இவர் வருமானத்தில் கைவைப்பது எந்த நியாயம்? கூலியிலிருந்து இன்னின்ன காரணங்களுக்கே பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. 'ஆள் நின்றுவிட்டான்' என்பது அதில் இல்லை. வருமானத்தில் பெரும்பங்குக்குச் சம்பளம் என்று பெயர் வைக்காமல் ஊக்கத்தொகை என்று வைப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊழியருக்கு நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதில் சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கும் வரி எங்காவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம்.