ரயிலை எடைக்குப் போடாதீர்கள்!

நம் சங்கத்துக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "அப்பா சேர்த்து வைத்த ரயில்களை என்ன செய்வது?" இங்கிலாந்துக்கு அந்த நாட்களில் வந்து சேர்ந்த நம்மவர்களில் சிலர், ஊரில் தூர நின்று பார்த்து ஏங்கிய ரயிலை இங்கே பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்தார்கள். ஹார்ன்பி எஞ்சின்கள், மார்க்லின் பெட்டிகள், சிக்னல் கம்பங்கள், தீப்பெட்டி அளவில் ஸ்டேஷன்கள் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை பரண் நிறைய இருக்கின்றன. இன்று அவர்களுக்கு மாடிப்படி ஏற முடியாத வயது. பிள்ளைகளின் வீட்டிலோ இடமும் இல்லை, ஈடுபாடும் இல்லை.

விற்கலாமா கூடாதா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக விற்கலாம் என்பதே என் கருத்து. இதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் சேர்த்தவரே, தாம் நல்ல நினைவோடு இருக்கும்போதே, பட்டியல் போட்டு விற்க வேண்டும். அவர் போன பிறகு மற்றவர்கள் விற்பது விற்பனை அல்ல, வீட்டைக் காலி செய்வதுதான்.

இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் சேர்த்தார். திடீரென்று காலமானார். துக்கத்திலும் அவசரத்திலும் இருந்த குடும்பம், வீட்டைக் காலி செய்து தரும் ஒருவரை அழைத்தது. மொத்தத்துக்கும் ஒரே தொகை. ஒரு பகல் பொழுதில் எல்லாம் வேனில் ஏறிவிட்டன. அந்தப் பெட்டிகளுக்கிடையே, அவர் தம் கையாலேயே தகரமும் மரமும் வெட்டிச் செய்த ஒரு சிறு ரயிலும் போயிற்று. அது எந்த ரயில் என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அது.

போடிமெட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் அந்த ரயிலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. மாடுகள் இழுத்தன. 1908-இல் அதை இரண்டடி அகலப் பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தில் ஏறி, மலைக்குக் கீழே கொட்டகுடியில் இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் அந்த வெள்ளம், பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே அதற்குப் பின், 1928-இல்தான்.

இன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதே கூடத்தில் 1913-இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த கல் சூரியக் கடிகாரமும் இருக்கிறது. கடிகாரத்தில் ஆண்டும் ஊரும் இருப்பதால் அது யார் வேலை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சக்கரத்தின் கதையைப் பக்கத்தில் நின்று சொல்ல அந்தக் காலத்து மனிதர் ஒருவரும் இன்றில்லை. நண்பரின் கைவேலைக்கு நேர்ந்ததும் இதுதான். பெயர் எழுதிய பொருள் சரித்திரம் ஆகிறது. பெயர் எழுதாதது பழைய இரும்புக்குப் போகிறது.

சரி, எப்படி விற்பது? எங்கள் மலைக்காரர்களுக்கு விற்கக் கற்றுக் கொடுத்தது ஏலக்காய். பறித்த காயை அப்படியே சாக்கில் கட்டி யாரும் போடி ஏலத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஸ்டோரில் காய வைத்து, காம்பு நீங்க உரசி, சல்லடை போட்டு, எட்டு மில்லி காயைத் தனியாகவும் சின்னக் காயைத் தனியாகவும் பிரிப்பார்கள். பச்சை நிறம் மாறாதது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். வியாபாரி மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விலை கேட்பார். விலை கட்டவில்லை என்றால் விவசாயி தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரயிலுக்கும் இந்த முறைதான்.

முதலில் பட்டியல். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தயாரித்த கம்பெனி, பெட்டியின் மேலுள்ள எண், அளவு விகிதம், ஓடுகிறதா இல்லையா, அசல் அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவு முக்கியம். பிரிட்டிஷ் ரயில்கள் பெரும்பாலும் 1:76, ஐரோப்பிய ரயில்கள் 1:87. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் என்றாலும், வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். கையால் செய்ததாக இருந்தால் யார் செய்தது, எதைப் பார்த்துச் செய்தது என்று எழுதி உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். என் நண்பரின் ரயிலில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் அதன் கதி வேறு.

அடுத்தது தரம் பிரித்தல். அரியவை, சாதாரணமானவை, தண்டவாளமும் கட்டடங்களும் என மூன்றாகப் பிரியுங்கள். ஒரே வண்டியின் பெட்டிகளை உடைத்து விற்காதீர்கள். பலகையில் ஆணியடித்து அமைத்த முழு ஊருக்கு வாங்குவோர் அநேகமாகக் கிடைக்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்ததாக இருந்தாலும் அதைக் கழற்றித்தான் விற்க வேண்டும். மனம் வலிக்கும், தெரியும்.

சுத்தம் செய்கிறேன் என்று சாயம் பூசவோ, பழைய எழுத்துகளைத் தேய்த்து அழிக்கவோ வேண்டாம். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வார்ப்பு உலோகப் பாகங்கள் சில தாமாகவே வெடித்துப் பொடியும். அப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வியாபாரத்தில் நம் பெயர் கெடக்கூடாது.

விற்க வழிகள் மூன்று. கடைக்காரர் அல்லது வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் காசு உடனே கைக்கு வரும். ஆனால் அவருக்குக் கடை வாடகையும் விற்காமல் தேங்கும் சரக்கின் பாரமும் இருக்கின்றன. ஆகவே விலை குறையும், அதை மோசடி என்று சொல்ல முடியாது. பொம்மைகளுக்கென்றே ஏலம் நடத்தும் கம்பெனிகள் அரிய பொருளுக்கு ஏற்றவை. அங்கே கமிஷன், படக்கட்டணம், காப்புறுதி எல்லாம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள், குறைந்தபட்ச விலையையும் குறித்துக் கொடுங்கள். மூன்றாவது, கணினி வழியாக ஒவ்வொன்றாக நாமே விற்பது. நல்ல விலை வரும், ஆனால் படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது, தபாலாபீசுக்கு நடப்பது என்று உழைப்பு அதிகம். பேரப் பிள்ளைகளைக் கூட்டுச் சேர்த்து ஒரு பங்கு கொடுத்தால் வேலை நடக்கும். எந்த வழியானாலும், பிறர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

காலம் தாழ்த்தினால் விலை ஏறும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1946-இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற புகழ்பெற்ற மாதிரி ரயில் கடை 2024-இல் மூடப்போவதாக அறிவித்தது. வாங்கிச் சேர்க்கும் தலைமுறையும் நம்மோடு சேர்ந்தே மூப்படைகிறது. எல்லோர் பரணும் ஒரே சமயத்தில் இறங்கினால் சந்தை தாங்குமா? பாடகர் நீல் யங் தம் லயனல் ரயில்களில் இருநூறுக்கு மேற்பட்டவற்றை 2017 டிசம்பரில் தாம் இருக்கும்போதே ஏலத்தில் விட்டார். இன்னாருடையது என்ற பெயரோடு அவை போயின. அவர் பெயர் நமக்கு வராது. ஆனால் அவர் வழி நமக்கும் ஏற்றதுதான்.

"விற்பானேன், ஊருக்கு அனுப்பிவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். இங்கும் இந்தியாவிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், டிரான்ஸ்ஃபார்மர் ஓடும். ஆனால் கப்பல் கூலியும் சுங்கமும் உண்டு. போடிமெட்டின் மூடுபனிக்கு இரும்புத் தண்டவாளம் ஒரு மழைக்காலத்தில் துருவேறும். எல்லாவற்றையும் விட, அங்கே ஆவலோடு ஓட்டுகிற ஒரு பிள்ளை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்தப் பரணிலிருந்து அந்தப் பரணுக்கு மாற்றுவதுதான் மிச்சம்.

"பொதுவுக்குக் கொடுத்துவிடலாம்" என்பது இன்னொரு யோசனை. அழகான யோசனைதான். புனேயில் ஜோஷி குடும்பத்தார் சிறு ரயில்களுக்கென்றே 1998-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆனால் அதற்கு ஒரு குடும்பமே பின்னால் நின்று உழைத்தது. ஆளும் இடமும் இல்லாமல் ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ கொண்டுபோய் இறக்கினால், நம் சுமையை அடுத்தவர் தலையில் வைத்ததாகத்தான் ஆகும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவிடம் "இதெல்லாம் எவ்வளவுக்குப் போகும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதை எப்போது வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். நோட்டையும் பேனாவையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பட்டியலும் தயாராகும், முதல் சம்பளத்தில் வாங்கிய எஞ்சின் எது, அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கியது எது என்ற கதையும் வெளியே வரும். விற்பனை தொடங்குமுன் ஒரே ஒரு வண்டியை அவரே தேர்ந்தெடுத்து வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளட்டும். அது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப் பாதையில் போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆயிற்று. நின்ற ரயில் மீண்டும் வந்தது, ஊரார் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால். சேர்த்தவர் போனபின் கேட்பதற்கு ஆளில்லை. எனவே அன்பர்களே, வரும் விடுமுறையிலேயே பரணில் ஏறுங்கள், பெரியவர்களைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்து, முதல் பெட்டியை இறக்குங்கள்.